முக்காடிட்ட சொல்!

நள்ளிரவு கடந்து மணி மூன்று. மாளிகையின் சமையற்கட்டில் அடுப்புகள் எரிகின்றன. விடிந்தால் திருமணம்! பேரீச்சம்பழம் எங்கே, வாசனைச் சரக்கு எங்கே என்று பணியாளர் பறக்கின்றனர். செலவைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று கட்டளையிட்டபடி இங்குமங்கும் உலவுகிறார் வீட்டின் தலைவர். இப்படிக் கண்விழித்தால் நாளை உடல் நலங்கெடும், போய் உறங்குங்கள் என்கிறாள் செவிலி. அவர் கேட்கவில்லை. இதைவிடச் சின்னஞ்சிறு காரியங்களுக்காக எத்தனையோ இரவுகள் விழித்திருக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பெருமை பேசுகிறார்.

பக்கத்தில் நிற்கிறாள் மனைவி. அந்த இரவுகள் எப்படிப்பட்ட இரவுகள் என்பது அவளுக்குத் தெரியாதா? உமது இளமையில் நீர் எலி வேட்டையாடித் திரிந்தவர்தாம், அத்தகைய விழிப்பு இனி நேராதபடி நான் விழித்திருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரே வீச்சில் சொல்லிவிட்டு உள்ளே போகிறாள். ‘எலி’ என்பது அந்நாளில் ஆங்கிலேயர் பெண்களைச் செல்லமாக அழைத்த சொல். ஆகவே அந்த வேட்டை எந்த வேட்டை என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

குற்றச்சாட்டு வந்துவிட்டது. பதில் என்ன? மறுத்தாரா? இல்லை. வருந்தினாரா? அதுவும் இல்லை. ஒரு சொல்லை எடுத்தார். அதை இருமுறை உரைத்தார். உடனே பணியாள் பக்கம் திரும்பி, கொண்டுவந்த பொருள் என்னவென்று கேட்கப் போய்விட்டார்!

அந்தச் சொல்தான் ‘ஜெலஸ்-ஹுட்’. ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ அண்டு ஜூலியட்’ நாடகத்தில், நான்காம் அங்கம் நான்காம் காட்சியில், ஜூலியட்டின் தந்தை காப்யுலெட் பேசும் சொல் அது. ஆங்கிலம் பயின்றோரிடையேயும் அதை அறிந்தோர் சிலரே. நாடகம் எழுதப்பட்டது ஏறத்தாழ 1595ஆம் ஆண்டில். நானூறு ஆண்டுகளுக்குமேல் ஓடிவிட்டன. ஆயினும் அந்தச் சொல்லின் பிறப்பைத் தோண்டிப் பார்க்க நாம் விரும்புகிறோம். ஏன் என்பதை இறுதியில் சொல்கிறோம். இப்போது மண்வெட்டியை எடுப்போம்.

அது கூட்டுச்சொல். முன்பாதி ‘ஜெலஸ்’, பொறாமை கொண்ட, ஐயுறுகிற என்பது பொருள். பின்பாதி ‘ஹுட்’. இந்தப் பின்பாதியில்தான் வழக்கே இருக்கிறது.

ஆங்கிலத்தில் ‘ஹுட்’ என்று இன்று ஒன்றேபோல் எழுதப்படும் இரு சொற்கள் உண்டு. உருவம் ஒன்று; குலம் வேறு. முதலாவது, பழைய ஆங்கிலத்தில் ‘ஹாட்’ என நெடிலாக ஒலித்தது. ஆள், தரம், நிலை, பால் என்பன அதன் பொருள்கள். ஒரு காலத்தில் அது தனித்து நின்ற முழுச் சொல். நாளடைவில் தன் தனி வாழ்வை இழந்து, பிற சொற்களின் வாலில் ஒட்டிக்கொள்ளும் விகுதியாகிவிட்டது. குழந்தைப் பருவத்தைக் குறிக்கும் ‘சைல்ட்ஹுட்’, கைம்மையைக் குறிக்கும் ‘விடோஹுட்’, பொய்ம்மையைக் குறிக்கும் ‘ஃபால்ஸ்ஹுட்’ ஆகியவற்றில் இருப்பது இதுவே. ஜெர்மானிய மொழியில் விடுதலையைக் குறிக்கும் ‘ஃப்ரைஹைட்’ என்னும் சொல்லின் வாலிலும் இதன் உடன்பிறப்பே ஒட்டியிருக்கிறது. நம் தமிழில் பெண்மை, இளமை, தாய்மை என்பவற்றில் ‘மை’ செய்கிற வேலையை இது அங்கே செய்கிறது.

இரண்டாவது, பழைய ஆங்கிலத்தில் ‘ஹோட்’ என ஒலித்தது. தலையை மூடும் முக்காடு, தலைக்கவிப்பு என்பது பொருள். தொப்பியைக் குறிக்கும் ஜெர்மானிய ‘ஹுட்’ இதன் உறவு. ஆங்கில ‘ஹாட்’ என்னும் தொப்பியும் அதே குடும்பம். நூற்றாண்டுகள் ஒலியை உருட்டி உருட்டி, விகுதியையும் முக்காட்டையும் ஒரே அச்சில் வார்த்துவிட்டன.

இவற்றுள் காப்யுலெட்டின் வாயில் வந்தது எது? அறிஞர்கள் இரு அணியாக நிற்கின்றனர். விகுதியே என்போர், பெயரடையோடு அது சேர்வதற்கு ‘ஃபால்ஸ்ஹுட்’ சான்று காட்டுகின்றனர். அவ்வாறாயின் சொல்லின் பொருள் ‘பொறாமைமை’. அதாவது பொறாமையையே இயல்பாகக் கொண்ட நிலை. முக்காடே என்போர் வேறு சான்று காட்டுகின்றனர். தலையில் அணிவதன் பெயரால் ஆளையே குறிப்பது அக்கால வழக்கம். முரட்டுத் துடுக்கரை ‘மேட்கேப்’ என்பர். சொல்லைப் பிரித்தால் ‘பித்துத் தொப்பி’! அதுபோலவே, முக்காடு அணிந்த பெண்ணைப் ‘பொறாமை முக்காடே’ என்று அழைத்தார் என்பது இவர்கள் வாதம். 1623ஆம் ஆண்டு வெளிவந்த முதல் பெருந்தொகுப்பில் இது இரு சொற்களாகப் பிரித்தே அச்சிடப்பட்டிருக்கிறது. இடையே கோடு போட்டுப் பிணைத்தது பின்வந்தோரின் கைவேலை.

எந்த அணி வென்றாலும் நமக்குக் கவலையில்லை. ஏனெனில் எந்த அணி வென்றாலும் தோற்பவள் அந்த மனைவிதான்! விகுதி என்றால், பொறாமை அவளுடைய பிறவிக்குணம் ஆகிறது. முக்காடு என்றால், பொறாமை அவளுடைய உடை ஆகிறது. ஒன்றில் அவள் உள்ளத்தில் ஒட்டுகிறார்கள். மற்றொன்றில் அவள் உச்சியில் கட்டுகிறார்கள். இரண்டிலும் ஒன்று மட்டும் காணாமற்போகிறது. அவள் சொன்ன செய்தி உண்மையா, பொய்யா என்ற கேள்வி! அவள் எண்ணிப் பார்த்துப் பேசினாள். காரணம் காட்டிப் பேசினாள். கணவன் அவள் காரணத்தைத் தொடவில்லை. அவளுக்குப் பெயர் வைத்தான். பெயர் வைத்ததும் வழக்கு முடிந்தது!

அதே வேளையில் மாடியில் நடப்பது என்ன? யாருக்காக அடுப்பு எரிகிறதோ அந்த மணமகளுக்கு இன்னும் 14 வயது நிறையவில்லை. தான் விரும்பியவனை முன்னரே இரகசியமாக மணந்துகொண்டவள். தந்தை தேர்ந்தெடுத்த பாரிஸை மணக்க மறுத்தாள். மறுத்த மகளை, தெருவில் பிச்சையெடுத்துச் சாகட்டும் என்று சபித்தவர் யார்? இதோ சமையற்கட்டில் சிரித்து நிற்கும் இதே காப்யுலெட்! இவர் அடுப்பைப் பார்வையிடும் நேரத்தில், அவள் மயக்க மருந்தைக் குடித்துப் பிணம்போல் கிடக்கிறாள். மகளின் மனத்துக்குக் காவல் போட்ட தந்தைக்கு எந்தப் பட்டமும் இல்லை. கணவனின் கால்களுக்குக் காவல் போட எண்ணிய மனைவிக்கு மட்டும் பட்டம்!

இனி முன்பாதிக்கு வருவோம். ‘ஜெலஸ்’ என்ற சொல் பிறந்த வீடு கிரேக்கம். அங்கே ‘ஸேலோஸ்’ என்றால் ஊக்கம், வேட்கை, போட்டி மனப்பான்மை. பிறர் உயர்வைக் கண்டு தானும் உயர முயலும் நல்லுணர்ச்சிக்கே அரிஸ்டாட்டில் தம் ‘ரெட்டரிக்’ நூலில் அச்சொல்லைப் பயன்படுத்தினார். பிறர் உயர்வைக் கண்டு நோகும் கீழ்மைக்கு அவர் வேறு சொல் வைத்திருந்தார். அந்த ‘ஸேலோஸ்’ லத்தீனில் நுழைந்து, பழைய பிரெஞ்சில் உருமாறி, 13ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்தில் ‘ஜெலஸ்’ என்று கரையேறியது. அதே மூலத்திலிருந்து இன்னொரு வழியாக வந்த சொல் ‘ஸீல்’. அதற்குப் பொருள் ஆர்வம்! ஒரு தாய் வயிற்றில் பிறந்த இருவரில் ஒருவன் ஆர்வம், மற்றொருவன் பொறாமை. யாருடைய உணர்ச்சிக்கு ஆர்வம் என்று பெயர், யாருடையதற்குப் பொறாமை என்று பெயர் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? ஆற்றலும் அதிகாரமும் உடையவர்கள் தீர்மானிக்கிறார்கள்!

ஆற்றலில் எல்லாருக்கும் மேலானவராகக் காட்டப்படுபவர் கடவுள். அவரையே எடுத்துக்கொள்வோம். விவிலியத்தின் யாத்திராகமம், பிற கடவுளரை வணங்காதே என்று கட்டளையிட்டு, அதற்குக் காரணமாக அவர் பொறாமையுள்ளவர் என்று அறிவிக்கிறது. அதன் 34ஆம் அதிகாரம், அவர் பெயரே அதுதான் என்கிறது! கிரேக்க மொழிபெயர்ப்பு ‘ஸேலோஸ்’ அடியிலிருந்தே சொல் எடுத்தது. ஆங்கில மொழிபெயர்ப்பு ‘ஜெலஸ்’ என்றே எழுதியது. தமிழ் விவிலியம் ‘எரிச்சல்’ என்றது. ஆண்டவனுக்கு வந்தால் அது மகிமை, அச்சமூட்டும் பெருமை! சமையற்கட்டில் நிற்கும் பெண்ணுக்கு வந்தால் அது முக்காடு!

ஆண்டவனுக்கு அடுத்தபடி கணவன். எண்ணாகமம் 5ஆம் அதிகாரத்தைப் புரட்டுங்கள் தோழர்களே! மனைவிமீது கணவனுக்கு ஐயம் வருகிறது. சாட்சி இல்லை, சான்றும் இல்லை. அவனுள் பொறாமை ஆவி புகுந்துவிட்டது, அது போதும்! வாற்கோதுமை மாவோடு அவளைக் குருக்களிடம் கொண்டுவருகிறான். குரு ஒரு மண்பாண்டத்தில் நீர் எடுத்து, கோயில் தரையின் புழுதியை அதில் கலக்கிறான். 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பின்படி, அவள் தலையின் மறைப்பையும் நீக்குகிறான். ஆம், முக்காடு களையப்படுகிறது! சாபங்களை எழுதி, அந்த எழுத்தை நீரில் கழுவிக் கரைத்து, அவளைக் குடிக்கச் செய்கிறான். குற்றவாளியானால் வயிறு வீங்குமாம், தொடை அழுகுமாம். சரி, குற்றமற்றவளானால்? ஐயுற்ற கணவனுக்குத் தண்டனை உண்டா? இல்லை! அவனைக் குற்றம் சாராது என்று அந்த அதிகாரமே முடித்துவிடுகிறது. மனைவிக்கு ஐயம் வந்தால் கணவன் குடிக்க வேண்டிய நீர் எது? அதற்கு அந்த ஏட்டில் ஒரு வரியும் இல்லை!

இந்தச் சட்டத்துக்கு லத்தீன் விவிலியம் இட்ட பெயரில் இருப்பதும் ஒரு கூட்டுச்சொல்லே: ‘ஸேலோடிப்பியா’. ஸேலோஸ் என்பதோடு, அடி, அறை என்னும் பொருளுடைய கிரேக்க வேர் சேர்ந்தது. பொறாமையால் அடிபட்ட நிலை என்று அதைப் பிரித்துக் காட்டலாம். அடிபட்டவன் கணவனாம்; ஆனால் புழுதிநீர் குடிப்பவள் மனைவி! எந்த ஒரு மதத்தையும் தனியே நிறுத்திப் பழிக்க நாம் இதை எழுதவில்லை. அங்கே புழுதிநீர், இங்கே தீக்குளிப்பு. அங்கே குரு வைத்த தேர்வு. இங்கே அவதாரம் வைத்த தேர்வு. தேர்வு எழுதியவர்கள் இரு நாட்டிலும் பெண்களே. சீதையைத் தீயில் இறக்கியவனின் ஐயத்துக்கு ‘மரியாதைக் காப்பு’ என்று உரை எழுதிய புலவர்கள், அவள் பதிலுக்கு ஐயுற்றிருந்தால் என்ன உரை எழுதியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆணின் பொறாமை மனத்தோடு நிற்கவில்லை. மரமாகவும் இரும்பாகவும் வடிவெடுத்தது. பிரெஞ்சு மொழியில் ‘ஜாலுஸி’ என்றால் பொறாமை; அதே சொல்லுக்குச் சட்டங்களைச் சாய்வாக அடுக்கிய சாளர மறைப்பு என்றும் பொருள்! இத்தாலிய மொழியில் ‘ஜெலோஸியா’, ஸ்பானிய மொழியில் ‘ஸெலோஸியா’, இரண்டிலும் இதே இரட்டைப் பொருள். உள்ளே இருப்பவள் வெளியே பார்க்கலாம். வெளியே இருப்பவன் அவளைப் பார்க்க முடியாது. வீட்டுப் பெண்டிர் பிறர் கண்ணில் படாதிருக்கக் கட்டிய தடுப்புக்கு அதைக் கட்டியவனின் மனநோயே பெயராயிற்று. உலகில் எத்தனை நோய்களுக்குச் சன்னல் செய்து கொடுத்திருக்கிறார்கள் தச்சர்கள்? ஆணின் பொறாமைக்குத் தச்சன் உண்டு, கொல்லன் உண்டு, குரு உண்டு, சட்டம் உண்டு. பெண்ணின் பொறாமைக்கு இருப்பது ஒரு கேலிச்சொல். அதுவும் அகராதியின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும் சொல்!

நாடக மேடையையே பாருங்கள். 1604இல் அரங்கேறியதாகப் பதிவாகியிருக்கும் ‘ஒதெல்லோ’வில், ஒரு கைக்குட்டையைச் சான்றாகக் கொண்டு மனைவியைக் கொல்கிறான் கணவன். அவன் பொறாமை துன்பியல் காவியம் ஆயிற்று! ‘வின்டர்ஸ் டேல்’ நாடகத்தில் மன்னன் லியான்டீஸ் காரணமே இல்லாமல் ஐயுற்று, கருவுற்ற மனைவியைச் சிறையிலிட்டு, பிறந்த குழந்தையைக் காட்டில் எறியச் சொல்கிறான். அவன் பொறாமைக்கு அரசவை கூடியது. தெய்வ வாக்குக் கேட்கப்பட்டது! ஆனால் காப்யுலெட்டின் மனைவியின் ஐயம்? அது காரணமுள்ள ஐயம். கணவனே தன் இரவுகளைப் பற்றிப் பெருமை பேசியபின் எழுந்த ஐயம். அதற்குச் சமையற்கட்டில் ஒரு கேலிச்சொல், அதோடு சரி!

ஷேக்ஸ்பியரைப் பழிக்கிறோமா? இல்லை. கண்ணாடியை உடைப்பது நம் வேலையன்று. அதில் தெரியும் முகத்தைக் கழுவச் சொல்வதே நம் வேலை. அந்தக் கவிஞர் மறுபக்கத்தையும் காட்டத் தவறவில்லை. ஒதெல்லோ நாடகத்தில் எமிலியா என்றொரு பணிப்பெண் வருகிறாள். மனைவியருக்கும் கணவரைப்போலவே கண் உண்டு, மூக்கு உண்டு, நா உண்டு, உணர்ச்சி உண்டு. மனைவியர் தவறினால் அது கணவர் கற்றுக்கொடுத்த பாடம் என்று அவள் வாதிடுகிறாள். சுயமரியாதை மேடையில் முழங்கத்தக்க பேச்சு! அப்படிப் பேசியவள், இறுதியில் உண்மையை ஊரறியச் சொன்ன குற்றத்துக்காகத் தன் கணவன் கையாலேயே குத்துண்டு சாகிறாள். கவிஞர் பொய் எழுதவில்லை. பேசும் பெண்ணுக்குப் பட்டம், மேலும் பேசினால் கத்தி என்று உலக நடப்பை உள்ளபடி எழுதினார்.

இன்னும் ஒரு சொல்லிணையைக் காட்டி அகராதியை மூடிவிடுகிறோம். மனைவியால் ஏமாற்றப்பட்ட கணவனை ஆங்கிலேயர் ‘கக்கோல்ட்’ என்பர். குயிலின் பிரெஞ்சுப் பெயரிலிருந்து வந்த சொல். காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடுவதை நம் நாட்டுச் சிறுவரும் அறிவர், உவமை புரிந்துவிடும். கணவனால் ஏமாற்றப்பட்ட மனைவிக்குச் சொல் உண்டா? உண்டு, ‘கக்க்வீன்’! 16ஆம் நூற்றாண்டில் அந்தச் சொல்லின் முன்பாதியை ஒடித்து, ‘க்வீன்’ என்பதை ஒட்டினார்கள். அரசியைக் குறிக்கும் ‘க்வீன்’ அன்று, எழுத்து வேறு. இரண்டும் பெண் என்னும் ஒரே வேரின் கிளைகள். ஒரு கிளை அரியணை ஏறியது. மற்றக் கிளை தெருவில் இழிசொல்லாயிற்று. அந்த இழிசொல்லைத்தான் ஏமாற்றப்பட்ட மனைவிக்குப் பின்பாதியாகக் கொடுத்தார்கள்!

கக்கோல்ட் என்பது நாடகங்களில் நூற்றுக்கணக்கில் எதிரொலித்தது. இன்றும் உயிரோடு இருக்கிறது. கக்க்வீன் செத்துப்போயிற்று. ஜேம்ஸ் ஜாய்ஸ் 1922இல் வெளியிட்ட ‘யுலிஸிஸ்’ நாவலில் அதைத் தூசிதட்டி எடுத்தார், அவ்வளவே. ஏமாற்றப்பட்ட மனைவியர் இல்லாமற்போனதால் சொல் செத்ததா? அன்று! அவள் பட்டதை ஊர் ஓர் இழப்பாகவே எண்ணவில்லை. திருட்டுப்போனது ஆணின் உடைமை. ஆகவே அவனுக்குப் பெயர் நிலைத்தது. அவளுக்கு உடைமை ஏது?

‘இது அகராதி விளையாட்டு’ என்று சிரிக்கும் பெரியோர் சிலர் உண்டு. அவர்களைச் சட்டப் புத்தகத்துக்கு அழைக்கிறோம். 1707இல் இங்கிலாந்தின் தலைமை நீதிபதி ஹோல்ட், மாக்ரிட்ஜ் வழக்கில், மனைவியோடு மற்றொருவன் கூடுவதைச் சொத்துரிமைமீது நிகழும் மிகப்பெரிய படையெடுப்பு என்று கூறினார். நேரில் கண்டு கொன்ற கணவனின் செயல் கொலைக்குற்றத்திலிருந்து ஒரு படி இறங்கியது. 1857ஆம் ஆண்டின் மணவிலக்குச் சட்டப்படி, மனைவி தவறினாள் என்று காட்டினால் போதும், கணவன் விலக்குப் பெறலாம். கணவன் தவறினான் என்று மனைவி காட்டினால் போதாது. கொடுமை செய்தான், இரண்டாண்டு கைவிட்டான் என்பன போன்ற வேறொரு குற்றத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டும்! இந்த ஓரவஞ்சனை ஒழிந்தது 1923இல். 66 ஆண்டுகள் ‘கக்கோல்ட்’டுக்கு ஒரு நீதி, ‘கக்க்வீ’னுக்கு ஒரு நீதி! துணையின் ஒழுக்கக்கேட்டைக் கொலைக்குச் சமாதானமாகக் காட்டக்கூடாது என்று அங்கே சட்டம் செய்ததோ 2009இல்; நடைமுறைக்கு வந்தது 2010இல்.

நம் நாடு? அதே ஆங்கிலேயர் 1860இல் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு, பிறன் மனைவியைக் கூடியவனைத் தண்டித்தது. வழக்காடும் உரிமை கணவனுக்கு. அவன் இசைவு தந்திருந்தால் குற்றமே இல்லை! தன் கணவன் தவறினான் என்று மனைவி அப்பிரிவின்கீழ் வழக்காட முடியாது. பொருளுக்கு உரியவன் புகார் சொல்லலாம். பொருள் புகார் சொல்லுமா? ஆங்கிலேயர் கப்பலேறிய பின்னும் அந்தப் பிரிவு கப்பலேறவில்லை. 2018 செப்டம்பர் 27ஆம் நாள்தான், மனைவி கணவனின் உடைமையல்லள் என்று கூறி உச்ச நீதிமன்றம் அதை வீழ்த்தியது. முழுதும் ஒழிந்ததா? மனைவியென்று தெரிந்தே ஒருத்தியைத் தீய கருத்தோடு ‘கவர்ந்து செல்லும்’ குற்றம், 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. கணவனைக் கவர்ந்து செல்வதற்குப் பிரிவு இல்லை. முக்காடு இன்னும் முழுதும் விலகவில்லை தோழர்களே!

சொல்லைப் பிளந்து அடிமைத்தனத்தைக் காட்டும் வழக்கம் நமக்குப் புதிதன்று. பெரியார் தம் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலின் தொடக்கத்திலேயே ‘கற்பு’ என்னும் சொல்லைப் பகுத்துக் காட்டினார். ‘கல்’ என்னும் அடியிலிருந்து பிறந்ததாகக் காட்டப்படும் அந்தச் சொல்லில், ஆணுக்கு விலக்கும் பெண்ணுக்கு விலங்கும் எங்கிருந்து வந்தன என்று வினவினார். சொல்லில் இல்லாத அடிமைத்தனத்தைச் சொன்னவர்கள் ஏற்றினார்கள். நாமும் ஒரு தமிழ்ச் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். ‘பொறாமை’ என்றால் பொறுக்காமை. எதைப் பொறுக்காமை என்று சொல் சொல்லவில்லை. அயலான் வாழ்வைப் பொறுக்காமை இழிவு. அநீதியைப் பொறுக்காமை? அதுவன்றோ மானம்! காப்யுலெட்டின் மனைவியிடம் இருந்தது இந்த இரண்டாவது பொறுக்காமை. கணவன் அதன்மீது முதலாவதன் பெயரை ஒட்டினான். சூழ்ச்சி முழுவதும் இந்த ஒரு ஒட்டில் இருக்கிறது.

இந்த ஒட்டு நமக்குப் பழக்கமானது அல்லவா? 1916இல் பிராமணரல்லாதார் அறிக்கை வெளிவந்தது. மக்கள்தொகையில் பெரும்பாலோராகிய எங்களுக்கு உத்தியோகத்திலும் கல்வியிலும் இடமெங்கே என்று கணக்குக் காட்டிக் கேட்டது. கணக்கு உண்மையா, பொய்யா என்பதல்லவா பதிலாக இருக்க வேண்டும்? வந்த பதில் ‘வகுப்புத் துவேஷம்!’ எரிச்சலால் பேசுகிறார்கள், பிறர் வாழப் பொறுக்காமல் பேசுகிறார்கள் என்ற பட்டம்! கேள்விக்கு விடையில்லாதவன் கேட்டவனுக்குப் பெயர் வைக்கிறான். காப்யுலெட் தன் சமையற்கட்டில் கையாண்ட அதே கலை. மேடை மட்டும் பெரிது. அந்தப் பட்டத்துக்கு அஞ்சி நம் முன்னோர் வாய்மூடியிருந்தால் இன்று நாம் எங்கே இருப்போம்?

ஆகவே இளைஞர்களே, ஒரு நாடகத்தின் மூலையில் கிடந்த சொல்லை இவ்வளவு தோண்டியது உங்கள் வீட்டுக் கூடத்துக்காகவே. மேடையில் பெண்ணுரிமை முழங்கிவிட்டு நள்ளிரவில் வீடு திரும்பும் தோழரை, இத்தனை நேரம் எங்கே என்று துணைவியார் கேட்கிறார். உடனே நாவில் துள்ளி வருவது என்ன? ‘சந்தேகப் புத்தி’, ‘பெண்புத்தி’! அந்த நொடியில் பேசுவது பகுத்தறிவாளர் அல்லர், காப்யுலெட் பேசுகிறார். கேள்விக்கு விடை சொல்லுங்கள். கேட்டவர்க்குப் பட்டம் சூட்டாதீர்கள். அவர் ஐயம் தவறானால் சான்று காட்டித் தெளிவியுங்கள். சரியானால் தலை குனியுங்கள். மதத்தையும் மன்னரையும் காரணம் கேட்கும் உரிமை நமக்கு உண்டென்றால், நம்மைக் காரணம் கேட்கும் உரிமை நம் வீட்டுப் பெண்ணுக்கு இல்லையா?

ஒன்று தெளிவாக இருக்கட்டும். ஆணுக்கு இருக்கும் பொறாமை உரிமையைப் பெண்ணுக்கும் கொடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. புழுதிநீரை இருவருக்கும் பங்கிட்டுக் கொடுப்பது சமத்துவம் அன்று. பாண்டத்தை உடைப்பதே சமத்துவம்! ஒருவர் மற்றொருவருக்கு உடைமை என்ற எண்ணம் உள்ளவரை சாய்சட்டச் சன்னலும் இருக்கும், தீத்தேர்வும் இருக்கும், கத்தியும் இருக்கும். உடைமை போய்த் தோழமை வந்தால், காவல் காக்க வேண்டிய பொருளே வீட்டில் இராது. காவல் இல்லாத வீட்டில் கள்ளமும் இராது.

அன்று காப்யுலெட் விடை சொல்லாமல் பணியாள் பக்கம் திரும்பிக்கொண்டார். சில நாழிகைகளில் பொழுது விடிந்தது. மணப்பந்தல் பிணப்பந்தல் ஆயிற்று. பெண்கள் பேசியபோது செவி சாய்க்காத வீடு அது. மகள் பேசினாள், சபித்தார்கள். மனைவி பேசினாள், சிரித்தார்கள்.

நம் வீடுகளில் பெண்கள் பேசுகிறார்கள். முக்காடு போடாமல் கேட்போம்!